உறை மாறினால் போதுமா?

இறம்பொடைப் பகுதியில் இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த காலையில் லயத்துக் கான்களைச் சற்று உற்றுப் பார்த்தால், எமது பிள்ளைகள் எவற்றோடு விளையாடுகிறார்கள் என்பது விளங்கிவிடும். சில்லுக் கழன்ற கார், கை ஒடிந்த பொம்மை, பற்றரி மூடியை இழந்த துப்பாக்கி, இவற்றையெல்லாம் மூடி வந்த பிளாஸ்டிக் உறைகள் என அனைத்தும் அங்கே கிடக்கும். அடுத்த மழையில் அவை ஓடைக்குப் போகும். ஓடையிலிருந்து கொத்மலை ஓயாவுக்கும், அங்கிருந்து கொத்மலை நீர்த்தேக்கத்துக்கும் போய்ச் சேரும். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் இறம்பொடை நீர்வீழ்ச்சியைப் பார்க்க வருவோரின் கண்ணில் இது படுவதில்லை.

உலகின் பெரிய விளையாட்டுப் பொருட் கம்பனிகள் இப்போது தாம் மாறி வருவதாகச் சொல்கின்றன. பொதியில் பிளாஸ்டிக்குக்குப் பதிலாகக் கடதாசி, எண்ணெயிலிருந்து எடுக்கும் பிளாஸ்டிக்குக்குப் பதிலாகக் கரும்பிலிருந்து எடுக்கும் பிளாஸ்டிக், புதியதற்குப் பதிலாக மீள்சுழற்சி செய்தது என்று அறிவிப்புகள் வருகின்றன. இவை நல்ல செய்திகளே. ஆனால் தோட்டத்துப் பிள்ளையின் கையில் இருக்கும் பொருளுக்கும் இந்த அறிவிப்புகளுக்கும் என்ன தொடர்பு என்று நாம் கேட்காமல் இருக்க முடியாது.

பெரியவர்களுக்கே கடினமான பாடம்

டென்மார்க் நாட்டின் லெகோ கம்பனியை எடுத்துக்கொள்வோம். 1932இல் ஒரு தச்சர் தொடங்கிய தொழில் அது. முதலில் மர விளையாட்டுப் பொருட்களே செய்தார்கள். 1960இல் மரப் பொருட்களின் களஞ்சியம் தீப்பற்றிய பின்னர் மரத்தைக் கைவிட்டு பிளாஸ்டிக்கையே முழுமையாக நம்பினார்கள். அதே கம்பனி 2015இல், நிலைபேறான மூலப்பொருட்களைத் தேடுவதற்காக நூறு கோடி டெனிஷ் குரோனரை ஒதுக்குவதாக அறிவித்தது. 2018இல் பிறேசில் நாட்டுக் கரும்பிலிருந்து பெற்ற பிளாஸ்டிக்கில் இலை, செடி, மரம் போன்ற மென்மையான துண்டுகளைச் செய்தது. 2020இல் பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பைகளைக் கடதாசிப் பைகளாக மாற்றப்போவதாக அறிவித்தது.

கட்டைகளை மாற்றுவதுதான் கடினமாயிற்று. 2021இல் பழைய குடிபானப் போத்தல்களின் பிளாஸ்டிக்கிலிருந்து மாதிரிக் கட்டை ஒன்றைக் காட்டினார்கள். ஆனால் 2023இல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். அதற்கென இயந்திரங்களையும் செய்முறைகளையும் மாற்றினால், முன்னரைவிடக் கூடுதலான கரியமில வாயு வெளியாகும் என்று கணக்கில் தெரிந்ததே காரணம். தோல்வியை வெளிப்படையாகச் சொன்னதற்காக அவர்களைப் பாராட்டலாம்.

அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ கம்பனியும் 2022 முடிவுக்குள் புதிய பொருட்களின் பொதிகளிலிருந்து பிளாஸ்டிக்கை அகற்றுவதாக 2019இல் சொன்னது. பொருளைக் கண்ணால் பார்த்தே வாங்குவோம் என்று சேகரிப்போர் குறைப்பட்டதால், சில வகைகளின் பெட்டிகளில் பிளாஸ்டிக் சாளரம் திரும்பி வந்தது.

இவற்றிலிருந்து நாம் காணும் உண்மை எளிமையானது. உறையை மாற்றுவது இலகு, உள்ளே இருப்பதை மாற்றுவது கடினம். ஆனால் லெகோவிடம் கற்கவேண்டிய வேறொரு பாடமும் உண்டு. 1958இல் செய்த கட்டை இன்று செய்யும் கட்டையோடு பொருந்துகிறது. தாத்தா விளையாடியதைப் பேரன் விளையாடலாம். ஒரு பொருள் அறுபது ஆண்டுகள் உழைக்குமானால், அது எதனால் செய்யப்பட்டது என்ற கேள்வியின் பாரமே பாதி குறைந்துவிடும்.

மலைக்கு வந்து சேர்வது எது?

அந்தக் கட்டைப் பெட்டிகள் எமது லயங்களுக்கு வருவதில்லை. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதில் அரிசி, மா, பிள்ளையின் பாடசாலைச் செலவு எல்லாம் போக மிஞ்சுவதில் வாங்கக்கூடியது திருவிழாக் கடையில் தொங்கும் பொருள்தான். அதில் செய்தவரின் பெயர் இராது. எந்த வகைப் பிளாஸ்டிக் என்று காட்டும் முக்கோணமும் எண்ணும் பெரும்பாலும் இரா. ஒரு வாரத்தில் உடைந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. மீள்சுழற்சி என்ற சொல்லைக் கேட்டதும் நாம் மயங்கிவிடக் கூடாது. கழிக்கப்பட்ட மின்சாதனங்களின் கறுப்புப் பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த மலிவு விளையாட்டுப் பொருட்களில், தீப்பிடிக்காமலிருக்க அச்சாதனங்களில் சேர்த்த நச்சு இரசாயனங்கள் பல நாடுகளின் ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளன. கைக்குழந்தை எதையும் முதலில் வாயில்தான் வைக்கும். ஆகவே எதிலிருந்து மீள்சுழற்சி செய்தார்கள் என்று கேட்பதும் எமது உரிமையாகும்.

எமது அரசும் கைகட்டி இருக்கவில்லை. 2021 மார்ச் 31 முதல் தடைசெய்யப்பட்ட பொருட்களில், காற்று ஊதி விளையாடும் பொம்மைகளும் அடங்கும். பலூன், பந்து, நீரில் மிதக்கும் பொருட்கள் மட்டும் விலக்களிக்கப்பட்டன. 2023 ஒக்டோபர் முதல் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, உறிஞ்சு குழாய், மாலை முதலியனவும் தடைசெய்யப்பட்டன. ஆயினும் சட்டம் ஒரு பொம்மையை நிறுத்தினால், அதே தரத்தில் வேறொரு பொம்மை அந்தக் கொக்கியில் தொங்குகிறது. பெயரைச் சொல்லித் தடுப்பதைவிட, எத்தனை காலம் உழைக்கும், உடைந்தால் யார் பொறுப்பு என்பவற்றை விதியாக்குவதே வழியென நாம் கருதுகிறோம்.

உடைந்த பின்னர் என்ன நடக்கிறது என்பதில்தான் மலையகத்தின் நிலை வேறுபடுகிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்களித்தும், குப்பை வண்டி தோட்டத்து வாசலோடு நின்றது. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள் குப்பையைப் பொறுப்பேற்க எவருமில்லாத இடத்தில் கானும் அடுப்பும்தான் குப்பைத் தொட்டிகளாயின. ஈர விறகைப் பற்றவைக்க ஒரு துண்டு பிளாஸ்டிக் போடுவது எம்மவரிடையே இன்றும் உள்ள வழக்கம். அதில் பீவீசீ எனும் வகை இருந்தால் அமில வாயுவும் டயொக்சின் எனும் நஞ்சும் எழும். காற்றோட்டமில்லாத காம்பராவில் அதைச் சுவாசிப்பவர்கள் அம்மாவும் பிள்ளையுமே.

நாமும் விலக்கல்ல

இவ்விடத்தில் எமது தவறையும் சொல்லியாக வேண்டும். நத்தார் காலத்தில் பிள்ளைக்காம்பராக்களுக்கு அன்பளிப்புப் பொதிகளைக் கொண்டுசென்றவர்கள் நாமே. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று வேண்டும் என்பதற்காக மலிவானதையே மொத்தமாக வாங்கினோம். படம் பிடித்தோம், மகிழ்ந்தோம். தை மாதம் அதே தோட்டத்துக்குப் போனபோது, பிள்ளைகளைப் பராமரிக்கும் அம்மா ஒருவர் உடைந்தவற்றை ஓர் உரப்பையில் கட்டி வைத்திருந்தார். “இதை எங்கே போடச் சொல்றீங்க ஐயா?” என்று கேட்டார். எம்மிடம் பதில் இருக்கவில்லை. நாம் அன்பளிப்பாகக் கொடுத்தது ஒரு மாதத்தில் அவரின் சுமையாகிவிட்டது.

இதற்காக, அந்தக் காலத்துப் பால்மாப் பேணி வண்டியும் செருப்பை வெட்டிச் செய்த சில்லுமே மேல் என்று சொல்லிவிடவும் நாம் ஆயத்தமில்லை. அவற்றில் கைத்திறன் இருந்தது உண்மை. வேறொன்றும் கிடைக்காததால்தான் அவை செய்யப்பட்டன என்பதும் உண்மை. எமது பிள்ளைகளின் வறுமைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு என்று பெயர் சூட்டி மெச்சுவது அநியாயம். வண்ணமயமான, நல்ல விளையாட்டுப் பொருள் ஒன்றுக்கு நகரத்துப் பிள்ளைக்குள்ள உரிமை தோட்டத்துப் பிள்ளைக்கும் உண்டு.

அத்தகைய பொருளை இந்நாட்டிலேயே செய்ய முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பால் வற்றிய இறப்பர் மரத்திலிருந்து இலங்கையில் கையால் செய்யப்படும் மர விளையாட்டுப் பொருட்களை, லங்கா கடே என்ற பிரித்தானியக் கம்பனி 1990களிலிருந்து அங்கே விற்று வருகிறது. இந்த மண்ணின் மரம் கடல் கடந்து வெளிநாட்டுப் பிள்ளையின் கைக்குப் போகிறது. கடல் கடந்து வந்த பெயரில்லாப் பிளாஸ்டிக் எமது பிள்ளையின் கைக்கு வருகிறது. தேயிலையில் தரமானது ஏற்றுமதிக்குப் போக, தூளை வீட்டில் குடித்துப் பழகிய எம்மவருக்கு இது புதிய கதையல்ல.

செய்யக்கூடியவை

முதலாவதாக, ஒவ்வொரு பிள்ளைக்காம்பராவிலும் முன்பள்ளியிலும் பொதுவான விளையாட்டுப் பொருள் அலுமாரி ஒன்றை அமைக்கலாம். ஐம்பது மலிவுப் பொருட்களின் விலையில் பலமான சிலவற்றை வாங்கி, நூலகப் புத்தகம்போல வீட்டுக்குக் கொடுத்து வாங்கலாம். தோட்டத்துத் தச்சரிடம் மரக் கட்டைகளையும் வண்டிகளையும் செய்விக்கலாம். உடைந்தால் அவரே திருத்தித் தருவார்.

இரண்டாவதாக, அன்பளிப்புச் செய்வோரிடம், எம்மையும் சேர்த்துத்தான், எண்ணிக்கை வேண்டாம், உழைக்கும் பொருள் வேண்டும் என்று கூச்சமின்றிச் சொல்வோம். திருவிழாக் குழுக்களும் கடை போட இடம் கொடுக்கும்போது இதை ஒரு நிபந்தனையாக வைக்கலாம்.

மூன்றாவதாக, சட்டம் திருத்தப்பட்டுப் பல ஆண்டுகள் சென்ற பின்னரும் குப்பை வண்டி வராத லயங்களின் மக்கள், தமது பிரதேச சபையிடம் எழுத்து மூலம் கேட்கவேண்டும். இது தயவு அன்று, வாக்களித்தவரின் உரிமை.

நான்காவதாக, செய்பவரும் இறக்குமதி செய்பவரும் தமது பெயரையும் பிளாஸ்டிக்கின் வகையையும் ஒவ்வொரு பொருளிலும் பொறிக்கவேண்டும். உடைந்ததைத் திருப்பி எடுக்கும் பொறுப்பும் அவர்களுடையதே. கொழும்புக் கடைக்குக் கொண்டுவரத் தெரிந்தவர்களுக்கு இறம்பொடையிலிருந்து திரும்பிப் போகும் பாதையும் தெரிந்திருக்க வேண்டும்.

கடதாசி உறையை நாம் வரவேற்கிறோம். ஆனால் உறையைப் பிள்ளை ஒரு நிமிடத்தில் பிரித்து எறிந்துவிடும். அதற்குப் பின்னர் அதன் கையில் இருப்பதுதான் எமது கேள்வி. அந்த அம்மாவின் உரப்பை இன்னும் எம்மிடம் பதில் கேட்டபடியே இருக்கிறது.