மாதர் பகுதி: ஜேன் பாட்டியார்



பிறந்த ஊரை விட்டுக் குடும்பத்தோடு நெடுந்தொலைவு சென்று குடியேறிய ஒரு பெண்மணியின் வரலாற்றை இம்மாதம் எழுதலாம் என்று எண்ணினேன். அவர் நம் நாட்டவர் அல்லர். அவர் தழுவிய சமயமும் நம்மில் பலருக்குப் பெயரளவில் மட்டுமே தெரிந்தது. ஆயினும் ஊர் மாறி வந்து, புது இடத்தில் அடுப்பு மூட்டி, பிள்ளை குட்டிகளை ஆளாக்கிய நம் வீட்டுப் பாட்டிமார்களின் சாயல் அவரிடம் நிறைய உண்டு. அவர் பெயர் ஜேன் மேனிங் ஜேம்ஸ். அமெரிக்காவின் மார்மன் மக்களிடையே வாழ்ந்து, 1908-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் மறைந்த கறுப்பினப் பெண்மணி.

முதலில் அந்தச் சமயத்தைப் பற்றிச் சில சொற்கள். கிறிஸ்தவப் பின்னணியில் ஜோசப் ஸ்மித் என்பவர் 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் நிறுவிய சபை அது. அதைச் சார்ந்தோர் மதுவையும் புகையிலையையும் தொடலாகாது. காபியும் தேநீரும் கூடா. (காலையில் டிகாக்ஷன் இறங்காவிட்டால் பொழுதே விடியாத நம் வீடுகளில் இவ்விதி எத்தனை நாள் நிற்கும் என்பது வேறு கேள்வி.) வருவாயில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குச் செலுத்த வேண்டும். இவற்றினும் முக்கியமான ஒரு நம்பிக்கை அவர்களுக்கு உண்டு. குடும்பம் என்பது மரணத்தோடு முடிந்துவிடுவதில்லை. கணவனும் மனைவியும், பெற்றோரும் பிள்ளைகளும் மறுமையிலும் பிரியாதிருக்கும்படி பிணைக்கப்படலாம் என்பதே அது. அந்தப் பிணைப்புச் சடங்கை ஆலயத்தினுள் மட்டுமே செய்ய இயலும். ஞாயிறுதோறும் கூடும் வழிபாட்டு மண்டபம் வேறு, ஆலயம் வேறு. ஆலயத்துள் நுழையச் சபைத் தலைவர்கள் தரும் தகுதிச் சீட்டு வேண்டும். இறந்து போனவர்க்காக, உயிரோடு இருப்பவர் பதிலாளாக நின்றும் சடங்குகளைச் செய்வது உண்டு. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால்தான், பாட்டியார் வாழ்நாளெல்லாம் கேட்டது யாது என்பது விளங்கும்.

கனெக்டிகட் மாநிலத்து வில்டன் என்னும் ஊரில் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் பிறந்தார். தாயார் அடிமையாய் இருந்து விடுதலை பெற்றவர்; ஜேன் பிறவியிலேயே சுதந்தர மனுஷி. ஆனால் சுதந்தரம் வயிற்றை நிரப்பாதே! தந்தை இளமையிலேயே இறந்துவிட, சிறு குழந்தையாய் இருந்தபோதே வசதியுள்ள வெள்ளையர் ஒருவர் வீட்டுக்குப் பணிப்பெண்ணாக அனுப்பப்பட்டார். சமைக்கவும் துவைக்கவும் நூல் நூற்கவும் அங்கே கற்றார். மணமாகுமுன்பே சில்வெஸ்டர் என்ற மகனுக்குத் தாயும் ஆனார். அக்குழந்தையின் தந்தை யார் என்பதைப் பிற்காலத்தில் தாம் சொல்லி எழுதுவித்த வாழ்க்கைக் குறிப்பில் அவர் கூறவில்லை. நாமும் அதனைத் துருவ வேண்டா.

மார்மன் போதகர் ஒருவரின் சொற்பொழிவைக் கேட்டு அவர் மனம் மாறியது. ஞானஸ்நானம் பெற்றார், தாயாரையும் உடன்பிறந்தாரையும் தம் வழிக்குக் கொண்டுவந்தார். 1843-இல் குடும்பம் முழுவதும், மார்மன்கள் அப்போது திரண்டிருந்த நாவூ என்ற நகரத்துக்குப் புறப்பட்டது. அந்நகரம் இல்லினாய் மாநிலத்தில் மிசிசிப்பி நதிக்கரையில் உள்ளது. பயணக் கட்டணத்தை வழியில் வேறோர் ஊரில் செலுத்துவதாக ஏற்பாடு. ஆனால் பபலோ நகரம் வந்ததும் அங்கேயே பணம் வேண்டும் என்றனர். இல்லையென்றதும் படகிலிருந்து இறக்கிவிட்டனர். எஞ்சிய தொலைவு எண்ணூறு மைலுக்கு மேல். சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் வந்தவர்களுக்கு அது எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ அவ்வளவு தூரத்தையும் அவர்கள் நடந்தே கடந்தார்கள். காலணிகள் தேய்ந்து போயின. பாதம் வெடித்து, மண்ணில் இரத்தச் சுவடு பதிந்தது. கழுத்தளவு நீரில் ஆற்றைக் கடந்தார்கள். உறைபனியில் வெட்டவெளியில் படுத்தார்கள். பியோரியா என்ற ஊரில், "நீங்கள் அடிமைகள் அல்லர் என்பதற்குச் சீட்டு எங்கே?" என்று கேட்டுச் சிறையில் தள்ளப் போவதாக மிரட்டினர். ஒருநாளும் அடிமையாய் இராத ஜேனிடம் விடுதலைச் சீட்டு எப்படி இருக்கும்?

நாவூவில் ஜோசப் ஸ்மித்தே அவர்களை வரவேற்று, பயணக் கதையை ஜேன் வாயாலேயே சொல்லக் கேட்டார். உடன் வந்தோர்க்கெல்லாம் வேறிடங்களில் வேலையும் வீடும் அமைந்தன. ஜேன் மட்டும் மிஞ்சினார். முன்கூட்டி அனுப்பியிருந்த அவருடைய துணிப்பெட்டியும் காணாமற் போயிருந்தது. ஒரு டிரங்குப் பெட்டியை நம்பி ஊர் விட்டு வந்த குடும்பங்களுக்கு அவர் அழுத அழுகை புரியும். ஸ்மித் தம் வீட்டிலேயே அவரை இருக்கச் செய்தார். துணி வெளுக்கும் வேலை அவருடையதாயிற்று.

அவ்வீட்டில் நிகழ்ந்த ஒரு பேச்சுத்தான் பின்னால் அறுபது ஆண்டுகள் அவர் நெஞ்சில் நின்றது. ஸ்மித்தின் மனைவி எம்மா அம்மையார் ஒருநாள் அவரை அழைத்து, "எங்களுக்கு மகளாகப் பிணைக்கப்பட உனக்குச் சம்மதமா?" என்ற கருத்துப்படக் கேட்டார். ஜேனுக்கு அதன் பொருள் விளங்கவில்லை. யோசிக்க அவகாசம் கொடுத்து மீண்டும் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1844 ஜூன் 27-ஆம் நாள் கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. அந்த வாய்ப்பு அதோடு போயிற்று.

பின்னர் ஐசக் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரை மணந்தார். மார்மன்கள் நாவூவிலிருந்து துரத்தப்பட்டு மேற்கே சென்றபோது இவர்களும் சென்றனர். வழியில் ஒரு மகன் பிறந்தான். 1847-இல் உப்பேரிப் பள்ளத்தாக்கை, இன்றைய யூட்டா மாநிலத்து சால்ட் லேக் நகரம் இருக்கும் இடத்தை, வந்தடைந்தனர். முதல் சில ஆண்டுகள் கொடியவை. குளிரையும் பசியையும்விட, குழந்தைகள் ரொட்டி கேட்டு அழுததும் கொடுக்கத் தம்மிடம் இல்லாததுமே தம்மை வாட்டியதாகப் பாட்டியார் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். அத்தகைய 1849-ஆம் ஆண்டில் ஒரு நாள். எலைசா லைமன் என்ற வெள்ளைப் பெண்மணியின் கணவர் சபைப் பணிக்காகத் தொலைவு சென்றுவிட்டார். வீட்டில் மாவு இல்லை. ஜேன் தம்மிடமிருந்த மாவில் பாதியை, இரண்டு பவுண்டு அளவு, கொண்டுபோய்க் கொடுத்தார். பெற்றவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்ததனால்தான் இச்செய்தி நமக்குத் தெரிகிறது. கொடுத்தவர் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை!

காலப்போக்கில் நிலமும் கால்நடையும் சேர்ந்தன. பிறகு துன்பங்களும் வரிசையாய் வந்தன. 1870-ஐ ஒட்டிக் கணவர் பிரிந்து சென்றார். துணி வெளுத்தும் உழைத்தும் குடும்பத்தைப் பாட்டியார் தாங்கினார். இருபது ஆண்டுகள் கழித்து முதுமையில் கணவர் திரும்பி வந்தபோது ஏற்றுக்கொண்டார். 1891-இல் அவர் இறந்ததும் தம் வீட்டிலிருந்தே அடக்கம் செய்வித்தார். பெற்ற பிள்ளைகளுள் இருவர் தவிர மற்றெல்லாரையும் மண்ணுக்குக் கொடுத்தார். பேரப்பிள்ளைகள் பதினெண்மர் பிறந்து, அவருள் எண்மரே எஞ்சினர்.

இத்தனை பேரை வழியனுப்பிய தாய் ஒருத்திக்கு மறுமைப் பிணைப்பைக் கூறும் அந்தச் சடங்கு எவ்வளவு பெரிதாய்த் தோன்றியிருக்கும்! ஆனால் 1852-இல், சபைத் தலைவர் பிரிகாம் யங், ஆப்பிரிக்க வழியினர்க்குக் குருத்துவம் இல்லை என்று வெளிப்படையாய் அறிவித்திருந்தார். ஆலயத்தின் உயர் சடங்குகளும் அதனால் அவர்களுக்கு அடைபட்டன. பத்தில் ஒரு பங்கு செலுத்தலாம். ஆலயங்கள் கட்ட நன்கொடை தரலாம். இறந்த உறவினர்க்காக ஞானஸ்நானம் பெறலாம். அவர் எல்லாம் செய்தார். உள்ளே சென்று தம் மக்களோடு பிணைக்கப்படுவது மட்டும் கூடாது.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை கேட்டு வளர்ந்த நமக்கு இவ்விடத்தில் தில்லை எல்லை நினைவுக்கு வராமற் போகாது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. நந்தனார் எல்லையில் நின்று உருகினார். ஜேன் பாட்டியார் விண்ணப்பம் அனுப்பினார். 1884-ஆம் ஆண்டு டிசம்பரில் சபைத் தலைவர் ஜான் டெய்லருக்கு அனுப்பிய கடிதத்தில், ஆபிரகாமின் வழியாக எல்லா மக்களுக்கும் ஆசி என்று கடவுள் வாக்களித்திருக்கிறாரே, அதில் எனக்குப் பங்கில்லையா என்று வேதத்தைக் காட்டியே வாதிட்டார். எம்மா அம்மையார் கேட்டதையும் எடுத்துச் சொல்லி, அன்று அறியாமல் மறுத்ததை இன்று ஏற்கிறேன் என்றார். மறுப்பு வந்தது. மீண்டும் கேட்டார். தலைவர்கள் மாறினர், புதியவரிடமும் கேட்டார். பக்தி என்றால் வாய்மூடி இருத்தல் என்று கருதுவோர் நம்மிடையே உளர். பாட்டியாரின் பக்தி அவ்வகையைச் சேர்ந்தது அன்று. சபையை விட்டு விலகவும் இல்லை, கேட்பதை விடவும் இல்லை.

நாற்பது ஆண்டுகள் கட்டப்பட்ட சால்ட் லேக் ஆலயம் 1893-இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் அவருக்கென்றே ஒரு சடங்கு வகுத்தனர். மறுமையில் ஜோசப் ஸ்மித் குடும்பத்தோடு அவர் பிணைக்கப்படுவார். ஆனால் மகளாக அன்று, பணிப்பெண்ணாக. அச்சடங்குக்கும் அவரை உள்ளே விடவில்லை. அதே நகரத்தில் உயிரோடு அவர் இருக்க, வேறொரு பெண்மணி அவருக்குப் பதிலாளாய் நின்றார். இதைவிடக் கொடுமையான மரியாதையை நான் கேள்விப்பட்டதில்லை. பாட்டியார் மனம் நிறையவில்லை என்பதற்குச் சான்று, அதன் பின்னும் அவர் விண்ணப்பித்ததே.

இதற்கிடையே பொது மண்டபத்தில் அவருக்கென முன்வரிசையில் தனி இருக்கை ஒதுக்கியிருந்தனர். கண்பார்வை மங்கிய முதுமையில், தம் தம்பியோடு சிறு வீட்டில் வாழ்ந்து, தம் வரலாற்றை ஒருவரைக் கொண்டு எழுதுவித்தார். பத்தில் ஒரு பங்கு செலுத்துவதையும் உணவு விதியைக் காப்பதையும் அதில் சொல்லி, ஞானஸ்நானம் பெற்ற நாளைக் காட்டிலும் தம் நம்பிக்கை இப்போது உறுதியாய் இருப்பதாகவும் கூறினார். அவர் இறந்தபோது நடந்த இறுதி வழிபாட்டில் பேசியவர்களுள் ஒருவர், அவருடைய விண்ணப்பங்களைப் பெற்று வந்த சபைத் தலைவர் ஜோசப் எப். ஸ்மித்.

1978 ஜூன் மாதம் சபை அந்தத் தடையை நீக்கியது. மறு ஆண்டு, பாட்டியார் கேட்ட ஆலயச் சடங்கு பதிலாள் ஒருவரைக் கொண்டு அவர் பெயரால் நிறைவேறியது. அவர் மறைந்து எழுபத்தோராண்டுகள் ஆகியிருந்தன. தடைக்குக் காரணமாகக் காலங்காலமாய்ச் சொல்லப்பட்டு வந்த விளக்கங்களையெல்லாம் 2013-இல் சபை எழுத்து மூலம் கைவிட்டது. சால்ட் லேக் நகரக் கல்லறைத் தோட்டத்தில் 1999-இல் அவருக்கு ஒரு நினைவுக்கல் எழுப்பினர். அதில் பொறித்துள்ள காட்சி, அவர் எலைசா லைமனுக்கு மாவு கொடுப்பது.