ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர்?

சலவை இயந்திரம் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். விலை என்ன? எத்தனை கிலோ கொள்ளும்? தவணை உண்டா? கேட்க மறந்துபோகும் நான்காவது கேள்வி ஒன்று உண்டு. ஒரு கிலோ துணியைத் துவைத்து அலச இந்த இயந்திரம் எத்தனை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளும்? ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாழும் குடும்பங்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த நான்காவது கேள்வியைத்தான் என்பது என் கருத்து. அதைக் கேட்கத் தகுதியானவர்கள் மாணவர்களாகிய நீங்களே. விடை காணத் தேவையான இயற்பியல் முழுவதும் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

நம் ஊர்த் தண்ணீரின் நிலையை முதலில் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் இறங்கும் நம் ஆறுகள் குறுகியவை. மழை பெய்தால் பெருகி ஓடும். மழை நின்றால் மெலிந்துவிடும். ராஜபாளையத்தின் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இந்த மலை நீரை நம்பியே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செண்பகத்தோப்புப் பக்கத்து மலை நீர் உதவுகிறது. இவை போதாமல்தான், தெற்கே வேறு மாவட்டத்தில் ஓடும் தாமிரபரணியின் நீரைக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வழியாகப் பம்பு வைத்து இங்கே கொண்டுவருகிறார்கள். நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டாகப் பிரித்துப் பேசும் பழக்கம் நம் வீடுகளில் சும்மா வந்ததன்று.

கழிவுநீர்க் குழாய் அமைப்பு இல்லாத நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர் வழங்க வேண்டும் என்பது மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு கூறிய அளவு. நால்வர் குடும்பத்துக்கு 280 லிட்டர் ஆகிறது. ஓர் இயந்திரம் ஒரு தடவை துவைக்க 120 லிட்டர் எடுத்தால், அந்த நாளின் பங்கில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் துணிக்கே போய்விடும். சமையல், குளியல், குடிநீர் எல்லாம் மீதியில் நடக்க வேண்டும்.

“அப்படியானால் இயந்திரமே வேண்டாம்; கையால் துவைத்தால் தண்ணீர் மிச்சம்” என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். இதை நான் ஏற்கவில்லை. இந்த யோசனையைச் சொல்பவர் பெரும்பாலும் துவைப்பவராக இருப்பதில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அறிவியல் சார்ந்தது. துணி அலசுவதில் மிச்சப்படும் தண்ணீர், நாம் எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதைவிட, எவ்வளவு நன்றாகப் பிழிகிறோம் என்பதைப் பொறுத்தது. இதை ஒரு கணக்கால் விளக்கலாம்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். பருத்தி இழை நீரை நன்றாக உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதால்தான் அந்தத் துணிக்கு மதிப்பு. அதே குணம் அலசும்போது தொல்லையாகிறது. துணி பிடித்துவைத்திருக்கும் சோப்பு நீரை வெளியேற்றியாக வேண்டும். 5 கிலோ துணியைக் கையால் பிழிந்தபின் அதில் 5 லிட்டர் சோப்பு நீர் தங்குவதாகக் கொள்வோம். அதில் 30 லிட்டர் நல்ல நீரை ஒரே தடவையாக ஊற்றி அலசிப் பிழிந்தால், மொத்தம் 35 லிட்டரில் 5 லிட்டர் துணியில் நிற்கும். அதாவது சோப்பில் ஏழில் ஒரு பங்கு மிஞ்சும். அதே 30 லிட்டரைப் பத்துப் பத்தாகப் பிரித்து மூன்று தடவை அலசினால் என்ன ஆகும்? ஒவ்வொரு தடவையும் மூன்றில் ஒரு பங்குதான் தங்கும். முடிவில் 27-இல் ஒரு பங்கே மிஞ்சும். ஒரு சொட்டு நீர்கூட அதிகம் செலவாகவில்லை!

இப்போது கைக்குப் பதிலாக இயந்திரம் பிழியட்டும். துணியில் 3 லிட்டர் மட்டுமே தங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே மூன்று அலசலில் மிஞ்சும் சோப்பு 81-இல் ஒரு பங்காகிவிடும். தண்ணீர் அதே 30 லிட்டர்தான். ஆகவே நன்றாகப் பிழியும் இயந்திரம் நீரைச் சேமிக்கும் இயந்திரமாகவும் இருக்க முடியும். மணிக்கட்டு வலிக்க வலிக்கப் போர்வையை முறுக்கும் கைகளிடம் இந்த வேலையை எதிர்பார்ப்பது நியாயமுமன்று.

பிழியும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? உருளையின் ஆரம் 25 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அது நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால், துணியின் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 280 மடங்காகும். துணியை உருளையின் சுவர் தடுத்து நிறுத்துகிறது. நீரோ துளைகளின் வழியே வெளியேறிவிடுகிறது. சுழலும் வேகம் பாதியானால் முடுக்கம் கால் பங்காகிவிடும். எனவே நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண்ணையும் கடையில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி இயந்திர வகைகளுக்கு வருவோம். மேலே மூடி திறக்கும் தானியங்கி இயந்திரத்தில் துணிகள் நீரில் மிதந்து சுழல வேண்டும். ஆகவே தொட்டி நிறைய நீர் வேண்டும். ஒரு தடவைக்கு 100 லிட்டரைத் தாண்டுவது சாதாரணம். முன்புறம் கதவு உள்ள இயந்திரத்தில் உருளை படுக்கை வாட்டில் இருக்கிறது. அடியில் சிறிதளவு நீர் நின்றால் போதும். உருளை துணியை மேலே தூக்கித் தூக்கிப் போடும். துவைகல்லில் துணியை அடிக்கிறோமே, ஏறக்குறைய அதே தத்துவம்தான்! மேற்சொன்ன உருளை நிமிடத்துக்குச் சுமார் 60 சுற்று சுற்றினால் துணி சுவரோடு ஒட்டிக்கொண்டு கீழே விழாது. எனவே துவைக்கும்போது அதைவிட மெதுவாகச் சுற்றும்படி அமைத்திருக்கிறார்கள். இவ்வகை இயந்திரத்துக்கு ஒரு தடவைக்கு 50 லிட்டரை ஒட்டிய நீர் போதும்.

இரண்டுக்கும் 60 லிட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டு வாரம் நான்கு தடவை துவைத்தால், ஓர் ஆண்டில் 12,480 லிட்டர் மிச்சமாகும். 15 லிட்டர் குடத்தில் அளந்தால் 832 குடங்கள்! வீட்டு வாசலில் வந்து நிற்கும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றைவிட இது அதிகம்.

முன்கதவு இயந்திரத்தின் விலை அதிகம் என்பது உண்மைதான். அதற்காக மனம் தளர வேண்டாம். இரட்டைத் தொட்டி உள்ள எளிய இயந்திரமும் நல்ல கருவியே. அதில் நீரை நாமே ஊற்றுகிறோம், நாமே வெளியேற்றுகிறோம். கடைசியாக அலசிய நீரை வாளிகளில் பிடித்துவைத்து அடுத்த துணிக்கு முதல் நீராகப் பயன்படுத்தலாம். ஆனால் பிழியும் தொட்டியில் ரப்பர் குழாயைச் செருகிவிட்டு வேறு வேலைக்குப் போனால் எல்லாம் வீண். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் குழாய் 8 நிமிடத்தில் 80 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பிவிடும்.

வாங்கும்போது இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். 7 கிலோ என்று எழுதியிருப்பது உலர்ந்த துணியின் எடை. பெரிய இயந்திரத்தை வாங்கிப் பாதித் துணியோடு ஓட்டினால் நீர்ச் செலவு பாதியாகக் குறைந்துவிடாது. நால்வர் குடும்பத்துக்கு 6 அல்லது 7 கிலோ போதும். மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டம் இயந்திரத்தைவிட 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.3 பார்தான். இயந்திரத்துக்குத் தேவைப்படும் குறைந்த அழுத்தம் எவ்வளவு என்று அதன் கையேட்டில் பாருங்கள். கடின நீரில் உள்ள கால்சியம், மெக்னீசிய உப்புகள் சோப்போடு சேர்ந்து திரியும். சூடாக்கும் கம்பியில் படியும். எனவே உங்கள் வீட்டுப் போர் தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதித்துக்கொள்வது நல்லது. மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம் 2019-இல், விருப்பமுள்ள நிறுவனங்கள் ஏற்கலாம் என்ற முறையில், சலவை இயந்திரங்களுக்கு நட்சத்திரக் குறியீட்டைத் தொடங்கியது. அதில் மின்சாரத்தோடு நீரும் கணக்கில் வருகிறது. நட்சத்திரங்களை எண்ணுவதோடு நில்லாமல் லிட்டர் கணக்கையும் கேளுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இயந்திரம் இருக்கிறதா? அதன் நீர்ச் செலவை நீங்களே அளக்கலாம். மோட்டாரையும் மற்றக் குழாய்களையும் மூடிவிடுங்கள். பெரியவர் ஒருவரின் துணையோடு, துவைப்பதற்கு முன்னும் பின்னும் மாடித் தொட்டியின் நீர்மட்டத்தை ஒரு குச்சியால் அளந்துகொள்ளுங்கள். 1 மீட்டர் விட்டமுள்ள உருளைத் தொட்டியில் மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 7.85 லிட்டர் செலவாகியிருக்கிறது என்று பொருள். அதைத் துணியின் எடையால் வகுத்தால் நம் நான்காவது கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பத்து மாணவர்கள் பத்து வீடுகளில் அளந்து வகுப்பறைச் சுவரில் ஒட்டினால், எந்த விளம்பரத்தையும்விட அது பயனுள்ளதாக இருக்கும்.

நீரைக் காப்பதற்காகத் தாயின் முதுகை வளைக்க வேண்டியதில்லை. தாயின் முதுகைக் காப்பதற்காக ஊர்த் தண்ணீரை வீணாக்கவும் வேண்டியதில்லை. சரியான இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்து, நிறையத் துணி சேர்ந்தபின் ஓட்டி, அலசிய நீரைத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தினால் இரண்டையும் காக்கலாம். கடைசியாக ஒன்று. பொத்தானை அழுத்தவும், துணியைக் கொடியில் உலர்த்தவும் ஆண்பிள்ளைகளுக்கும் கைகள் இருக்கின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்கும் வேலையை அவர்களே தொடங்கட்டும்.