சுற்றுலா போனால் சுகவீனம் ஏன்?

"இரண்டு வருடமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. பிள்ளைகளுக்கு நுவரெலியாவைக் காட்டக் கூட்டிப் போனேன். முதல் இரவே சின்னவனுக்கு இழுப்பு. விடியுமட்டும் அவனை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். இனி எங்கும் போகமாட்டோம்." கணவர் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்க்கும் வன்னிச் சகோதரி ஒருவர் இப்படிச் சொல்லி வருந்தினார்.

கண்பட்டதாகவோ கிரகம் சரியில்லை என்றோ இதை நினைக்க வேண்டியதில்லை. பயணத்தில் நோய் வருவதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அவற்றை அறிந்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

முதலாவது, தூசு. நாட்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் விடுதி அறைகளில் மெத்தை, தலையணை, கம்பளி எல்லாம் ஈரம் பிடித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சிகளும் பூஞ்சணமும் அங்கே பெருகும். அப்பூச்சிகளின் எச்சம் மூச்சுடன் உள்ளே போகும்போது தும்மல், கண்கடி, இழுப்பு உண்டாகின்றன. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்த இடம். வன்னி வெயிலில் இருந்து போகும் பிள்ளைக்கு அந்தக் குளிர்காற்றும் மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யலாம். அறைக்குப் போனவுடன் யன்னல்களைத் திறந்து விடுங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன விரிப்பையும் தலையணை உறையையும் போடுங்கள். வெளியே போகும்போது பிள்ளையின் மூக்கையும் வாயையும் துணியால் மூடிவிடுங்கள். இழுப்புள்ள பிள்ளையின் பம்மும் மருந்தும் பஸ்ஸின் மேலே கட்டிய பெட்டியில் அல்ல, உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, உணவு. விடியற்காலை கட்டிய சோற்றுப் பார்சலை மத்தியானம் பிரிப்பது நமது வழக்கம். சமைத்த உணவு வெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் அதில் கிருமிகள் பெருகத் தொடங்கும். பயணத்துக்குப் பாண், பிஸ்கட், வாழைப்பழம் போன்றவையே பாதுகாப்பானவை. குடிப்பதற்குக் கொதித்தாறிய நீரைக் கொண்டு செல்லுங்கள்.

மீன் சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடல் கடித்து, தலை இடித்தால் "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறோம். பல வேளைகளில் அது ஒவ்வாமை அல்ல. சூரை போன்ற மீன்களை ஐஸில் வைக்காமல் விட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. ஆகவே வழியில் உள்ள கடைகளில் மீனைத் தவிர்ப்பதே நல்லது.

மூன்றாவது, நெருக்கம். நிறைந்த பஸ்ஸில் ஒருவருக்குத் தடிமன் இருந்தால் மற்றவர்களுக்கும் தொற்றும். ஓரிரு நாள் கழித்தே அது வெளிப்படும் என்பதால், இடம் மாறிய குற்றம் என்று நினைத்துவிடுகிறோம். சாப்பிடுமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.

நான்காவது காரணம் நீங்களே. முதல்நாள் இரவு சமைத்து, பொதிகட்டி, ஒரு கண் நித்திரை இல்லாமல் பஸ் ஏறுகிறீர்கள். நித்திரை குறைந்த உடலில் நோய் எதிர்ப்புச் சக்தியும் குறையும். அத்துடன், "இடையில் இறங்க மலசலகூடம் இருக்காதே" என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்கள். சிறுநீரை அடக்கியும் வைக்கிறீர்கள். வீடு திரும்பியதும் சலக்கடுப்பும் காய்ச்சலும் வருவது இதனால்தான். வண்டியை நிறுத்தும்படி சாரதியிடம் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

வயிற்றோட்டம் கண்டால் ஜீவனியைப் பொதியில் குறித்த அளவு நீரில் கரைத்து அடிக்கடி கொடுங்கள். மூச்செடுக்கும்போது விலா உள்ளே இழுபட்டாலும், பேசமுடியாமல் மூச்சு வாங்கினாலும், உதடும் நாக்கும் வீங்கினாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்தை அழையுங்கள். இலவச அம்புலன்ஸ் வரும்.

அந்தச் சகோதரிக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: உங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டிய இடங்கள் இன்னும் பல உண்டு. அடுத்தமுறை போகுமுன் வைத்தியரிடம் மகனைக் காட்டுங்கள். பம்மைக் கைப்பையில் வையுங்கள். முதல்நாள் இரவு நேரத்தோடு படுங்கள். ஆனால், போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.