படத்தில் இல்லாதவர்

சென்ற பூஜை விடுமுறையில் குடும்பத்துடன் டார்ஜிலிங் சென்றிருந்தேன். விடியற்காலையில் டைகர் ஹில் மீது நின்று, கஞ்சன்ஜங்கா பொன்னிறம் கொள்வதைக் கண்டோம். அவ்வொளி சில நிமிடங்களே நிலைத்தது. அதற்குள் எத்தனை கைகள் படம் பிடித்தன! நில்லாததை நிறுத்தி வைக்கும் ஆசையே மனிதனைப் படமெடுக்கத் தூண்டுகிறது போலும்.

டென்சிங் நோர்கே வாழ்ந்து மறைந்த ஊர் அது. 1953 மே 29 அன்று, 8,848 மீட்டர் உயர எவரெஸ்ட் உச்சியில், கொடிகள் கட்டிய பனிக்கோடரியை உயர்த்தி அவர் நிற்கும் படத்தை உலகமே அறியும். அதை எடுத்தவர் உடன் ஏறிய ஹில்லாரி. அங்கே அவர்கள் தங்கியது ஏறக்குறைய 15 நிமிடமே. ஏறியதற்குச் சான்றாகச் சுற்றியுள்ள முகடுகளையும் ஹில்லாரி படமெடுத்தார். ஆயினும் உச்சியில் அவர் நிற்கும் படம் ஒன்றேனும் இல்லை!

இல்லம் திரும்பி எங்கள் பழைய ஆல்பத்தைப் புரட்டினேன். ஆண்டுதோறும் லீவில் ஊருக்குச் சென்றபோது தந்தையார் ஒரே பிலிம் சுருளில் எடுத்த 36 படங்கள். அம்மா, அக்கா, நான் எல்லோரும் இருக்கிறோம்; எடுத்த அவர் மட்டும் இல்லை. அவர் காலமாகி நான்காண்டுகள் ஆகின்றன. "தாத்தா எங்கே?" என்றான் என் மகன். ராமேஸ்வரக் கடற்கரைப் படத்தில், எங்கள் காலடி மணலில் விழுந்திருந்த நிழலைக் காட்டினேன்.

அன்பர்களே, அடுத்த பயணத்தில் ஒருமுறையேனும் காமிராவைப் பிறர் கையில் கொடுத்து, நீங்களும் குடும்பத்தின் நடுவே நில்லுங்கள்.