பழைய பிக்கப் வண்டியும் வயற்பாதையும்

நெல் மூட்டை, உரம், வாழைத்தார், பால் கேன் முதலியவற்றை ஏற்றிச் செல்லுவதற்குப் பிக்கப் வண்டி இக்காலத்தில் கிராமங்களில் இன்றியமையாத சாதனமாகிவிட்டது. புதிய வண்டியின் விலை அதிகமாகையால், பட்டணத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த வண்டியையே குடியானவர் பலர் வாங்குகின்றனர். தார் ரஸ்தாவில் அது குறைவின்றி ஓடும். ரஸ்தாவை விட்டிறங்கி வண்டித்தடத்தில் நுழைந்தவுடன் தொல்லை ஆரம்பமாகும். நடு மேட்டில் அடிப்பாகம் இடிக்கும். களிமண்ணில் சக்கரம் வழுக்கும். மழை நாளில் வண்டி இருந்த இடத்தைவிட்டு நகராது.

இதற்கு நிவர்த்தியாக, வண்டியை வீட்டுக் களத்திலேயே மாற்றியமைக்கும் வழக்கம் பரவி வருகின்றது. கமான் பட்டைகளைக் கூட்டியும், பட்டைக்கும் அச்சுக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்தும் வண்டியை உயர்த்துகின்றனர். அளவுக்கு மிஞ்சிய டயர் மாட்டுகின்றனர். முகப்பில் கனத்த இரும்புக் குழாயை வளைத்துத் தடுப்பு அமைக்கின்றனர். இவ்வேலைகளுள் பெரும்பாலானவை குடியானவருக்கு நன்மையைக் காட்டிலும் கெடுதியையே விளைவிப்பவை. அவற்றிற்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை வண்டியின் பழுதை நீக்குவதிலும், மற்றொரு பகுதியைப் பாதையைச் செப்பனிடுவதிலும் செலவிடுவதே விவேகமாகும்.

முதலாவதாக, வண்டியை உயர்த்துவதனால் உண்மையில் உயர்வது எது என்பதை ஆராய வேண்டும். வயற்பாதையின் நடு மேட்டில் பெரும்பாலும் முதலில் இடிப்பது, பின் அச்சின் மத்தியில் குடம்போல் தொங்கும் டிபரென்ஷியல் என்னும் பாகமாகும். கமான் பட்டையை எவ்வளவு கூட்டினாலும் அச்சு சக்கரத்தோடேயே இருக்குமாதலால் அக்குடம் ஓர் அங்குலமும் உயராது. உயர்வன மேலே உள்ள சட்டமும் பாரத் தொட்டியுமே. அன்றியும், பட்டைகளைக் கூட்டினால் வண்டி விறைத்துப் போகும். வெறும் வண்டியாகச் செல்லும்பொழுது மேடு பள்ளத்திற்குத் தக்கவாறு சக்கரம் இறங்கிக் கொடுக்காமல் அந்தரத்தில் நிற்கும். அந்தரத்தில் நிற்கும் சக்கரம் சும்மா சுழலுமேயன்றி வண்டியை இழுக்காது. கியர்ப் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டின் சாய்வு கூடுவதனால், அதன் இரு முனைகளிலும் உள்ள குறுக்கு மூட்டுகள் விரைவில் தேய்ந்து முறியும்.

இரண்டாவது விஷயம் உயிரைப் பற்றியது. சக்கரங்களுக்கிடையே 140 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் பாரத்தின் மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், கணக்கின்படி அது பக்கவாட்டில் 45 பாகை சாய்ந்தாலன்றிக் கவிழாது. மூட்டைகளை அடுக்கியதும் அம்மையம் 100 சென்டிமீட்டருக்கு ஏறுமாயின் அவ்வெல்லை 35 பாகையாகக் குறைகின்றது. இதற்கு மேல் 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் எல்லை ஏறத்தாழ 32 பாகையாகும். இவையாவும் அசையாது நிற்கும் கட்டைக்குரிய கணக்கு. ஓடும் வண்டியில் பட்டை அமுங்கும், டயர் பிதுங்கும், மூட்டை சரியும். ஆகவே உண்மையான எல்லை இதற்கும் மிகக் கீழானது. ஏரிக்கரையின் ஓரத்தில் ஒரு பக்கத்துச் சக்கரம் 30 சென்டிமீட்டர்ப் பள்ளத்தில் இறங்கிய மாத்திரத்தில் வண்டி 12 பாகை சாய்ந்துவிடும். கரை மண் நெகிழ்ந்தாலோ, ஓட்டுபவர் பயந்து சட்டென்று திருப்பினாலோ எஞ்சியதும் நொடியில் கழிந்துபோகும். அறுவடைக் காலத்தில் அத்தொட்டியில் மூட்டைகளுக்கு மேலே கூலியாட்களையும் ஏற்றிச் செல்லும் ஊர்கள் உண்டு. நின்றுகொண்டிருக்கும் ஆட்களால் பாரத்தின் மையம் பின்னும் உயர்கின்றது. உயர்த்திய வண்டி, மூட்டைப் பாரம், மேலே ஆட்கள், ஈரமான கரை ஆகிய நான்கும் கூடுமிடத்தில் நேரும் விபத்தை விதியின் மேல் ஏற்றுவது நியாயமாகாது.

பெரிய டயர் மாட்டுவோர் அச்சு உயர்வதைக் காரணமாகக் கூறுவர். அது உண்மையே, ஆயினும் பலன் சொற்பம். 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரை நீக்கி 77 சென்டிமீட்டர் டயர் மாட்டினால் அச்சு உயர்வது மூன்றரைச் சென்டிமீட்டர் மாத்திரமே. அதற்கு ஈடாக, சக்கரம் தரையைத் தள்ளும் வலு பதினொன்றில் ஒரு பங்கு குறைகின்றது. பிரேக் பிடிக்கும் வலுவும் அவ்வாறே குறைகின்றது. வேகமானி 50 என்று காட்டும்பொழுது வண்டி 55-இல் ஓடும். ஏற்கெனவே தேய்ந்த என்ஜினுக்கும் கிளட்சுக்கும் இது அதிகப்படியான சுமையாகும்.

இவ்விடத்தில் ஜீப்பின் வரலாறு நல்ல பாடம் கற்பிக்கின்றது. யுத்தத்திற்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பை 1945-ஆம் ஆண்டில் பண்ணை வேலைக்கு உரியதாகத் திருத்தி, சி.ஜே.-2ஏ என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தனர். அத்திருத்தத்தில் அவர்கள் வண்டியை உயர்த்தவில்லை. பெரிய சக்கரமும் மாட்டவில்லை. அச்சின் பற்சக்கர விகிதத்தை 4.88-இலிருந்து 5.38-ஆக மாற்றி, மெதுவாகவும் வலுவாகவும் இழுக்கும்படி செய்தனர். பண்ணைக் கருவிகளைச் சுழற்றுவதற்குரிய தண்டையும் வேண்டுவோர்க்குப் பொருத்திக் கொடுத்தனர். பண்ணைக்கு வேண்டியது உயரமன்று, நிதானமான இழுப்பே என்பதை அவ்வண்டியைச் செய்தவர்களே உணர்ந்திருந்தனர்.

சட்டத்தின் நிலையையும் குடியானவர் அறிந்திருத்தல் அவசியம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிற்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்று கூறுகின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கின்றது. முகப்புத் தடுப்புக் குழாய்களின்மேல் நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசாங்கம் மாகாணங்களுக்கு எழுதியது. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். உயர்த்திய வண்டி அப்பரிசோதனையில் தேறுவது அரிது. விபத்து நேரிடின் இன்ஷூரன்ஸ் தொகை பற்றிய வழக்கும் கூடவே எழும்.

இனி, வீட்டிலேயே செய்யத்தக்க, சட்டத்திற்கும் முரண்படாத வேலைகள் எவை என்பதைக் காண்போம்.

எல்லாவற்றிற்கும் முற்பட்டது சோதனை. வண்டியின் அடிச்சட்டத்தைக் கழுவி உலர்த்தி, கமான் தொங்கும் இடங்களிலும் சட்டத்தின் உட்பக்கங்களிலும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருவேறியது மந்தமாக ஒலித்து உதிரும். உர மூட்டை ஏற்றும் வண்டிகளில் இது விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. பொட்டாஷ், அமோனியம் சல்பேட் முதலிய உப்புகள் சிந்தி ஈரத்தோடு கலந்தால் இரும்பை விரைவில் அரிக்கும். உரம் ஏற்றிய அன்றே தொட்டியையும் அடிப்பாகத்தையும் தண்ணீர் விட்டுக் கழுவுதல் காசில்லாத வைத்தியம். அடுத்து, கமான் பட்டைகளில் முறிவு, ரப்பர் புஷ்களின் தேய்வு, சக்கர பேரிங்கின் ஆட்டம், ஸ்டியரிங் முனைகளின் தளர்ச்சி, பிரேக் குழாய்களின் வெடிப்பு ஆகியவற்றைப் பார்த்துப் பழுதானவற்றை மாற்ற வேண்டும். பழைய வண்டி தாழ்ந்து இடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம், பட்டைகள் தளர்ந்து வளைவை இழந்திருப்பதே. அதே அளவுள்ள புதுப் பட்டை மாட்டினாலே இழந்த உயரம் திரும்ப வரும். சட்டமும் குறுக்கே நில்லாது.

இரண்டாவது சாதனம் காற்று. டயர் தரையில் பதியும் பரப்பு காற்றழுத்தத்தைப் பொறுத்தது. ஒரு சக்கரத்தின்மேல் 350 கிலோ பாரம் இருந்து, காற்று 35 பவுண்டு இருக்குமானால் பதியும் பரப்பு ஏறத்தாழ 140 சதுர சென்டிமீட்டர். காற்றை 20 பவுண்டாகக் குறைத்தால் அது 250 வரை விரியும். ஈர மணலிலும் உழுத நிலத்திலும் வண்டி அமிழாமல் மிதந்து செல்ல இதைவிடச் சுலபமான வழி வேறில்லை. ஆனால் இது வெறும் வண்டிக்கும், மிக மெதுவான ஓட்டத்திற்குமே உரியது. பாரம் ஏற்றும் முன்பும், ரஸ்தாவில் ஏறும் முன்பும் உரிய காற்றை நிரப்பாவிடில் டயர் சூடேறி வெடிக்கும். ஆகையால் அழுத்தமானி ஒன்றும், பாட்டரியில் இயங்கும் சிறு பம்பு ஒன்றும் வண்டியில் இருத்தல் வேண்டும். அதே அளவில் ஆழ்ந்த வெட்டுள்ள டயர்களைப் பின்னால் மாட்டுவதும் பயன் தரும்.

மூன்றாவதாக, சிறு காப்புகள். என்ஜின் எண்ணெய்த் தொட்டியின் கீழ் 4 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை, எண்ணெய் வடிக்கத் துவாரம் விட்டு, போல்ட் கொண்டு பொருத்தலாம். அடிச்சட்டத்தில் புதிதாகத் துளையிடுதலும் பற்றவைத்தலும் கூடா. அவை சட்டத்தைப் பலவீனமாக்கும். பின் அச்சின் மேலுள்ள சிறு மூச்சுத் துவாரத்தில் எண்ணெய் தாங்கும் ரப்பர்க் குழாய் ஒன்றை மாட்டி, அதன் முனையைத் தொட்டியின் உயரத்திற்குக் கொண்டுபோய்க் கட்டலாம். ஓடிச் சூடேறிய அச்சு வாய்க்கால் நீரில் இறங்கியவுடன் குளிர்ந்து அத்துவாரத்தின் வழியே நீரை உறிஞ்சும். உள்ளே எண்ணெய் மோர்போல் வெளுத்துப் பற்சக்கரம் கெடும். ஒரு முழக் குழாய் அவ்வளவு நஷ்டத்தைத் தடுக்கும். நீர் சக்கரத்தின் நடுக்குடத்திற்கு மேற்படுமானால் வண்டியை இறக்கலாகாது. காற்று உறிஞ்சும் வழியாக நீர் புகுந்தால் என்ஜினின் கைத்தண்டு வளைந்து போகும். காய்ந்த வைக்கோலின்மேல் சூடான வண்டியை நிறுத்துவதும் தவிர்க்கத்தக்கது. புகைக்குழாயின் சூட்டில் தீப்பற்றும்.

சிக்கிய வண்டியை இழுப்பதிலும் முறை உண்டு. கயிற்றை அடிச்சட்டத்தின் கொக்கியிலன்றி பம்பரில் கட்டலாகாது. கயிற்றின் நடுவே ஈரச் சாக்கைப் போட்டு, கயிற்றின் நீளத்திற்கு மேற்பட்ட தூரத்தில் ஆட்களை நிறுத்திய பின்பே இழுக்க வேண்டும். அறுந்து தெறிக்கும் சங்கிலி ஆளைக் கொல்லவல்லது. ஜாக்கியை ஈர மண்ணில் ஊன்றாமல் கனமான பலகையின்மேல் வைத்தல் நலம்.

இவ்வளவும் செய்தாலும் கரிசல் மண்ணில் அடைமழைக் காலத்தில் வண்டி போகாதே என்று சிலர் கேட்கலாம். போகாது என்பது உண்மையே. இரு சக்கரம் மாத்திரம் இழுக்கும் பழைய வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும் அம்மண்ணில் அது போகப் போவதில்லை. அத்தகைய நாட்களில் டிராக்டரால் களம் வரை கொண்டுவந்து, அங்கிருந்து பிக்கப்பில் ஏற்றுவதே முறை. மலையடிவாரத்திலும் சேற்று நிலத்திலும் ஆண்டு முழுதும் வேலை உள்ளவர், நான்கு சக்கரமும் இழுக்கும்படி தயாரிப்பாளரே செய்த வண்டியைத் தேடி வாங்குவது, மாற்றியமைப்பதைக் காட்டிலும் முடிவில் மலிவாகும்.

கடைசியாகப் பாதை. ஒருவர் தம் வண்டியை உயர்த்தினால் பலன் அவருக்கு மாத்திரமே. உயர்த்திய வண்டி தோண்டும் ஆழ்ந்த தடத்தில் மற்றவரின் வண்டி சிக்கும். பாதையைத் திருத்தினால் பலன் ஊருக்கெல்லாம். 4 மீட்டர் அகலமுள்ள மண்பாதைக்கு நடுவில் 8 முதல் 10 சென்டிமீட்டர் உயர்வும், இருபுறமும் நீர் வடியும் கால்வாயும் இருந்தால் மழைநீர் தங்காது. நீர் தங்காத பாதையில் சரளை நிலைக்கும். நீர் தங்கும் பாதையில் எத்தனை வண்டிச் சரளை கொட்டினாலும் சேற்றில் அமிழும். வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் சிமிட்டிக் குழாய் புதைத்தல் வேண்டும். புலப்படத்தில் அகலமாகக் காணும் பாதை பல ஊர்களில் இருபுறத்து வரப்புகளும் நெருங்கி ஒற்றைத் தடமாகச் சுருங்கியிருக்கின்றது. கிராம நிர்வாக அதிகாரிகள் அதனை அளந்து காட்டுவதும், ஊராட்சியார் கோடையிலேயே வேலையைத் தொடங்குவதும், நிலமுடையோர் தத்தம் வரப்பைப் பின்வாங்கிக் கொடுப்பதும் இம்மூன்று திறத்தாரின் கடமைகள்.

அடுத்த மழைக்கு முன் இரண்டு காரியங்கள் நடைபெற வேண்டும். வண்டியுடையோர் தம் வண்டியின் அடியில் ஒரு நாள் படுத்துப் பழுது பார்க்க வேண்டும். ஊரார் தம் பாதையில் ஒரு நாள் நடந்து, நீர் எங்கே தங்குகின்றது என்று பார்க்க வேண்டும். இவ்விரண்டும் நடந்த ஊரில் பழைய வண்டியும் நெடுநாள் உழைக்கும். அதில் ஏறி வரும் விளைச்சலும், அதன் அருகில் வேலை செய்யும் ஆளும் பத்திரமாக வீடு சேருவர்.