ஒரு கண்ணுக்கு ஓர் அடிமை

எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி வகுப்பு நடக்கும். ஓட்டல் ஹால், வட்ட மேசை, ஆளுக்கொரு பேனா, பாட்டில் தண்ணீர். வகுப்பெடுப்பவர் மாறுவார், ஸ்லைடு மாறும். ஒரே ஒரு ஸ்லைடு மட்டும் 12 வருடங்களாக அப்படியே இருக்கிறது: கறுப்புக் கொடியில் மண்டையோடும் இரண்டு எலும்பும். “உலகத்தின் முதல் ஜனநாயகவாதிகள் யார் தெரியுமா? கடற்கொள்ளையர்கள்!” தலைவனை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்களாம். கிடைத்ததைச் சமமாகப் பங்கிட்டார்களாம். கறுப்பர், வெள்ளையர் பேதமே கிடையாதாம். கை கால் போனவனுக்கு நஷ்டஈடாம், அந்தக் காலத்து இ.எஸ்.ஐ.! கடைசியில் ஸ்டீவ் ஜாப்ஸ் வருவார். கடற்படையில் சேர்வதைவிடக் கொள்ளையனாக இருப்பது மேல் என்று அவர் தன் மேக்கின்டாஷ் குழுவிடம் சொன்னதும், அவர்கள் 1983இல் கட்டடத்தின் மேல் கொள்ளையர் கொடி ஏற்றியதும் வரும். அந்தக் கொடியில் மண்டையோட்டின் கண்பட்டையாக ஆப்பிள் சின்னத்தை வரைந்திருந்தார்கள். ஆகவே நாமும் கொள்ளையர்களாக வேண்டும். கைதட்டல். ஏலக்காய் டீ.

சம்பளத்தைக் கூட்டிக் கேட்டுப் பாருங்கள், அன்றைக்கு மட்டும் நாம் கடற்படை.

நான் கணக்குப் பிரிவில் இருப்பவன். ‘சமமாகப் பங்கிட்டார்கள்’ என்று யார் சொன்னாலும் கை தானாகப் பேரேட்டைத் தேடும். பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் கப்பலின் ஒப்பந்தப்படி தலைவனுக்கும் குவார்ட்டர்மாஸ்டருக்கும் ஆளுக்கு 2 பங்கு, பீரங்கித் தலைவன் வகையறாவுக்கு ஒன்றரை, அடுத்த நிலையில் இருந்தவர்களுக்கு ஒன்றேகால், சாதாரண மாலுமிக்கு ஒன்று. ‘சமம்’ என்பதற்கு அகராதியில் வேறு பொருள் பார்த்ததாக எனக்கு ஞாபகம். அந்தக் கப்பலின் பழைய ஆட்கள் தங்களைப் ‘பிரபுக்கள்’ என்றே அழைத்துக்கொண்டார்கள்; அது ஸ்லைடில் வராது. பெண்களுக்கும் இடம் இருந்தது என்று ஆன் பானி, மேரி ரீட் என இரண்டு பெயரைச் சொல்வார்கள். பெண்ணுக்கு வேடம் போட்டுக் கப்பலில் ஏற்றுகிறவனுக்கு மரணம் என்கிறது அதே ராபர்ட்ஸ் ஒப்பந்தம். கடற்படையின் சவுக்குக்குத் தப்பி வந்தவர்கள் என்பார்கள். ஜான் ஃபிலிப்ஸ் கப்பலின் விதிகளில் வெறும் முதுகில் 39 அடி உண்டு. இவற்றோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. என் சண்டை நஷ்டஈட்டோடு. அதற்கு முன்னால் ஒரு திருவிழாவைச் சொல்லியாக வேண்டும்.

அக்கா மகன் வர்ஜீனியாவில், நியூபோர்ட் நியூஸ் ஊரில் இருக்கிறான். ஒரு கோடையில் அங்கே போயிருந்தபோது, பக்கத்து ஊரான ஹாம்ப்டனில் பிளாக்பியர்ட் கொள்ளையர் திருவிழா, தன் குழந்தைக்குப் பிடிக்கும் என்று சனிக்கிழமை காலையில் கிளப்பிவிட்டான். ஊரே வேடம் கட்டியிருந்தது. மூன்று முனைத் தொப்பி, இடுப்பில் சிவப்புத் துணி, தோளில் பொம்மைக் கிளி. புல்தரையில் கூடாரம் அடித்து இரும்புச் சட்டியில் உண்மையாகவே சமைத்தார்கள். தண்ணீரில் பாய்மரக் கப்பல்கள் ஒன்றையொன்று சுற்றி வந்து பீரங்கி வெடித்தன. முதலில் புகை, ஒரு மூச்சு கழித்துச் சத்தம், அப்புறம் தீபாவளி விடியற்காலை வாசனை. பொய் சொல்லக்கூடாது, நன்றாக இருந்தது. சூரசம்ஹாரம் பார்க்கிற மாதிரிதான் கூட்டம் அலைமோதியது. ஒரு வித்தியாசம், இங்கே கைதட்டல் சூரனுக்கு.

சூரனுக்குத் தலையும் போனது. 1718 நவம்பர் 22 அன்று ஒக்ரகோக் தீவருகே லெப்டினன்ட் ராபர்ட் மேனார்டின் ஆட்கள் பிளாக்பியர்டைக் கொன்று, தலையை அறுத்துக் கப்பலின் முன்கழியில் தொங்கவிட்டு வந்தார்கள். ஹாம்ப்டன் ஆற்று முகத்தில் அதைக் கம்பத்தில் நட்டு வைத்ததாகச் சொல்வார்கள். அந்த இடத்துக்கு இன்றும் பிளாக்பியர்ட் முனை என்றுதான் பெயர்.

பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கம்பளிக் கோட்டில் வியர்த்துக்கொண்டிருந்தார். தச்சுவேலை செய்பவர். கோட்டின் பொத்தான் துளைகளைக் கையாலேயே தைத்தேன் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அத்தனை நேர்த்தியான தையலை எங்கள் ஊர் டெய்லரிடமும் நான் பார்த்ததில்லை. நல்ல மனிதர். ஆனால் வாயைத் திறந்ததும் அதே ஸ்லைடு! ஓட்டு, பங்கு, சமத்துவம், நஷ்டஈடு. மார்கஸ் ரெடிக்கர், பீட்டர் லீசன் என்று ஆராய்ச்சியாளர் பெயர்கள் வேறு. பயிற்சி வகுப்பில் தொடங்கிய எரிச்சல் அட்லான்டிக் கரையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஓட்டை எடுத்துக்கொள்வோம். போட்டார்கள், மறுக்கவில்லை. 1694இல் கப்பலைக் கைப்பற்றிக் கலகம் செய்தவர்கள் ஹென்றி எவரியைத் தலைவனாக்கினார்கள். அடுத்த வருடம் அந்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் நம் பக்கம் வந்தார். மெக்கா யாத்திரை முடிந்து சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஔரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாய் கப்பலைப் பிடித்து, நாள்கணக்கில் சித்திரவதை, நாள்கணக்கில் பாலியல் வன்முறை. மானத்துக்குப் பயந்து பெண்கள் கடலில் குதித்ததைச் சரித்திரக்காரர் காஃபி கான் எழுதியிருக்கிறார். அந்தப் பெண்களிடம் ஓட்டுக் கேட்டார்களா? எதிரில் நிற்பவனுக்கு ஓட்டில்லாத கூட்டத்துக்கு நம் ஊரில் வேறு பெயர்.

சரி, நிறபேதம். பிளாக்பியர்டின் கப்பலில் ஆயுதம் ஏந்திய கறுப்பர்கள் இருந்தார்கள் என்றார் தச்சர். இருந்தார்கள். அந்தக் கப்பல் எது? 1717 நவம்பரில் அவன் பிடித்த ‘லா கான்கார்ட்’ என்ற பிரெஞ்சு அடிமைக் கப்பல். பெயரை மாற்றி ‘ராணி ஆனின் பழிதீர்ப்பு’ என்று வைத்துக்கொண்டான். பிடித்தபோது அடித்தளத்தில் ஆப்பிரிக்கர்கள் 455 பேர். விடுதலை வீரன் என்ன செய்தான்? அறுவை மருத்துவர்களையும் தச்சர்களையும் சமையற்காரரையும் வலுக்கட்டாயமாக வைத்துக்கொண்டான். ஆப்பிரிக்கர்களில் பெரும்பாலோரை பெக்வியா தீவில், பிரெஞ்சுக்காரர்களோடேயே இறக்கிவிட்டான். போகும்போது பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு சின்னக் கப்பலையும் கொடுத்தான். அவர்கள் அதற்கு ‘கெட்ட சந்திப்பு’ என்று பெயர் வைத்து, இரண்டு நடையாக அத்தனை பேரையும் மார்த்தினிக் சந்தைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கெட்ட சந்திப்பு யாருக்கு என்று நான் கேட்கவில்லை. தச்சரைத் தச்சர் என்பதால் பிடித்து வைத்துக்கொண்டிருப்பான் என்று மட்டும் சொன்னேன். சிரித்தார்.

ராபர்ட்ஸ் இன்னும் ஒரு படி மேல். 1722 ஜனவரி, ஆப்பிரிக்காவின் உய்தா துறைமுகம். நின்றிருந்த அடிமைக் கப்பல்களிடம் கப்பலுக்கு 8 பவுண்டு தங்கத்தூள் பிணைத்தொகை வசூலித்தான். ரசீதும் கொடுத்தான்! கணக்குக்காரன் என்ற முறையில் அதைப் பாராட்டுகிறேன். ‘போர்க்குபைன்’ கப்பலின் தலைவன் மட்டும் தரமாட்டேன் என்றான். கொளுத்திவிடுவது என்று முடிவு. உள்ளே 80 பேர், இரண்டிரண்டு பேராகக் காலில் சங்கிலி. அவிழ்க்க ஆரம்பித்தார்கள், நேரம் பிடித்தது, அவர்களுக்கு அவசரம். ஆட்களோடேயே தீ வைத்தார்கள். தண்ணீரில் குதித்தவர்களைச் சுறா பார்த்துக்கொண்டது. 1724இல் லண்டனில் வந்த கொள்ளையர் சரித்திர நூலில் இது இருக்கிறது. அந்த ‘ஜனநாயக’ ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டுகிறார்களே, அதுவும் இதே நூலில்தான் இருக்கிறது. அசல் ஒப்பந்தத்தைப் பிடிபடும் முன் கடலில் எறிந்துவிட்டார்கள். ஒரே புத்தகம், ஒரு பக்கம் மட்டும் ஸ்லைடுக்குப் போகிறது.

இனி என் விஷயம். உடலில் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்ற அட்டவணை எனக்குப் புதிதல்ல. நம் 1923ஆம் வருடத்து நஷ்டஈட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கட்டைவிரலுக்கு இத்தனை, கண்ணுக்கு இத்தனை என்று சதவீதம் போட்டிருந்தார்கள். வேலை நிமித்தம் பலமுறை புரட்டியிருக்கிறேன். அதனால்தான் கொள்ளையரின் அட்டவணையையும் தேடிப் படித்தேன். எழுதி வைத்தவர் அலெக்சாந்தர் எக்ஸ்குமெலின். ஹென்றி மார்கனின் கூட்டத்தோடு போனவர். 1678இல் டச்சு மொழியில் வந்த அவர் புத்தகத்தில் விகிதங்கள் தெளிவாக இருக்கின்றன. வலது கை போனால் 600 வெள்ளிக்காசு. இடது கைக்கு 500. வலது காலுக்கு 500. இடது காலுக்கு 400. கண்ணுக்கு 100, விரலுக்கும் அதே 100. இதுவரைக்கும் ஸ்லைடில் உண்டு. ஸ்லைடில் வெட்டி எறிந்த பாதி இது: 600 காசு, அல்லது 6 அடிமைகள். 500, அல்லது 5 அடிமைகள். 400, அல்லது 4. ஒரு கண்ணுக்கு 100 காசு, அல்லது ஓர் அடிமை.

கணக்குக்காரனுக்கு அந்த ‘அல்லது’ போதும். 100 காசுக்கு ஓர் ஆள், மாற்று விகிதம் நிலையாக இருக்கிறது. பேரம் பேச வேண்டியதில்லை, எழுதியே வைத்தாயிற்று. அப்படியென்றால் சந்தை நன்கு பழகிப்போன சந்தை. அதோடு, கையிருப்பில் வராத ஒன்றைப் பட்டுவாடா செய்கிறேன் என்று எவனும் ஒப்பந்தத்தில் எழுதமாட்டான். பயணம் கிளம்பும் முன்பே, வழியில் ஆட்கள் கிடைப்பார்கள், அவர்களைப் பங்கிடலாம் என்ற நிச்சயம் அந்தத் தாளில் இருக்கிறது. இத்தனைக்கும் எழுதியவர் தானே ஒப்பந்தக் கூலியாக டோர்டுகா தீவில் விற்கப்பட்டவர், விலை தெரிந்தவர். நம் இ.எஸ்.ஐ.யோடு இதை ஒப்பிடுகிற புண்ணியவானை நினைத்துக்கொண்டேன். அடிபட்ட தொழிலாளிக்கு அடுத்த தெருக்காரர் நாலு பேரைப் பிடித்துக் கொடுக்கிற காப்பீடு!

பின்னால் வந்த ராபர்ட்ஸ் ஒப்பந்தத்தில் கை காலுக்கு 800 வெள்ளி, வெறும் பணம்தான் என்று தச்சர் திருத்தினார். படித்தவர்தான். அந்தப் பணம் எதை விற்று வந்தது, உய்தாவில் மிளகாயா விற்றார்கள் என்று கேட்டேன். அக்கா மகன் என் முழங்கையைத் தொட்டான். “மாமா, விடுங்க. அவர் குழந்தைக்கு முடிச்சுப் போடக் கத்துக் கொடுக்கிறேன்னு சொல்லியிருக்கார்.”

விட்டேன். ஆனால் அதற்குப் பிறகு என்னால் அந்தத் திருவிழாவைப் பழையபடி பார்க்க முடியவில்லை. கடையில் கண்பட்டை 3 டாலர், பிளாஸ்டிக் கொக்கி 7 டாலர். குழந்தைக்கு இரண்டும் வாங்கினோம். 6 வயதுப் பையன். வலது கையில் கொக்கி, 6 பேர். இடது கண்ணில் பட்டை, ஓர் ஆள். ஐஸ்கிரீம் பிடிக்க வலது கை வேண்டுமென்று கொக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டான், ஓர் ஆள் குறைந்தார். மரக்கால் கட்டி நொண்டிக்கொண்டு ஒருவர் மேடையேறினார். இடது கால், நாலு பேர். எல்லோரும் சிரித்தார்கள். வேடத்தில் எதையெதை அடையாளமாக வைத்திருக்கிறார்களோ, எல்லாம் அந்த அட்டவணையில் இருக்கிறது. கிளி மட்டும் இல்லை. கிளி ‘டிரெஷர் ஐலண்ட்’ நாவலிலிருந்து வந்தது.

சாயங்காலம் நானே கேட்டு மன்றோ கோட்டைக்குப் போனோம். அதே ஹாம்ப்டன், சில மைல் தூரம். பழைய பெயர் பாயின்ட் கம்ஃபர்ட். 1619 ஆகஸ்டில் ‘ஒயிட் லயன்’ என்ற ஆங்கிலேயக் கப்பல் இங்கே வந்து நின்றது. போர்த்துக்கீசிய அடிமைக் கப்பலைக் கடலில் மறித்துப் பறித்த அங்கோலா மக்கள் அதில் இருந்தார்கள். இருபதும் சொச்சமும் பேர் என்று பதிவு. ஆங்கிலேயரின் வர்ஜீனியாவில் இப்படி விற்கப்பட்டதாகப் பதிவான முதல் ஆப்பிரிக்கர்கள். விலையாகக் கொடுத்தது என்ன தெரியுமா? சாப்பாட்டுச் சாமான். அந்தக் கப்பல்காரர்கள் கொள்ளையர் அல்ல, அனுமதிச் சீட்டு வைத்திருந்தவர்கள் என்று தச்சர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். கடலில் இன்னொருவன் கப்பலை மறித்து ஆளைப் பறிப்பதற்குச் சீட்டு இருந்தால் ஒரு பெயர், இல்லாவிட்டால் ஒரு பெயர். சீட்டு யார் கையில் என்று கப்பலின் அடித்தளத்தில் இருந்தவர்கள் விசாரித்திருப்பார்களா என்ன?

நினைவுப் பலகையைப் படித்துக்கொண்டு நின்றோம். பட்டையின் ரப்பர் காதை அறுக்கிறது என்று பையன் கழற்றி என் சட்டைப் பையில் திணித்தான். அது ஊருக்கே வந்துவிட்டது.

போன பயிற்சி வகுப்பில் அந்த ஸ்லைடு வந்ததும் கை தூக்கினேன். இந்த வருடம் புதுப் பையன். ஆர்வமாக, “சொல்லுங்க சார்” என்றான்.

“நஷ்டஈடுன்னு சொன்னீங்களே, வலது கைக்கா, இடது கைக்கா?”

“சார்?”

“ரேட் வேற தம்பி. அதான் கேட்டேன்.”

நல்ல கேள்வி, கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று அடுத்த ஸ்லைடைத் தட்டினான். கடைசியில் டீ வந்தது.