கடைக்கு வந்தவர் ஏன் திரும்பிப் போனார்?

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கூடை வைத்து விற்கும் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? யார் விலை கேட்டார், யார் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார், யார் பக்கத்துக் கடைக்கு நழுவினார், எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பொழுது சாய்ந்து சாக்கைச் சுருட்டும்போதே, அடுத்த வாரம் எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று முடிவு செய்துவிடுவார்கள்.

இப்போது நம்மில் பலர் இணையத்திலும் கடை விரிக்கிறோம். அங்கே வருகிறவர் முகம் தெரியாதே! வந்தாரா, பார்த்தாரா, ஏன் வாங்காமல் போனார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சாமல்பட்டியில் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து மாங்காய்த் தொக்கும் வற்றலும் போடுகிறோம். கூழ் ஆலைக்கு லாரி லாரியாகப் போகும் கிளிமூக்கு மாங்காய்தான் எங்களுக்கும் மூலதனம். எங்களில் ஒருத்தியின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள்தான் இணையத்தில் கடையை அமைத்து, கூகுள் அனலிடிக்ஸ் என்ற கணக்குப் பிள்ளையையும் அதில் உட்கார வைத்தாள். அர்ச்சின் என்ற அமெரிக்கக் கம்பெனியை 2005-ல் கூகுள் வாங்கி, அதே ஆண்டில் இதை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்ததாம். பழைய அமைப்பு 2023 ஜூலையோடு கணக்கு எடுப்பதை நிறுத்திவிட்டது. ஆகவே பழைய பாடங்களைப் பார்த்துத் தேடிக் குழம்பாதீர்கள்.

இது வேலை செய்யும் விதம் எளிதுதான். கடையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சின்ன நிரல் இருக்கும். யாராவது பக்கத்தைத் திறந்தால், எந்தப் பக்கம், எந்த வழியாக வந்தார், செல்போனா கம்ப்யூட்டரா, உத்தேசமாக எந்த ஊர் என்று அது குறித்து அனுப்பும். வந்தவரே மறுபடி வந்தால் தெரிய, அவருடைய செல்போனில் ஒரு குறிப்புச் சீட்டு வைக்கும். அதற்குக் குக்கீ என்று பெயர். தின்கிற பண்டமல்ல!

முதல் பதினைந்து நாளில் 400 வருகை என்று காட்டியது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் பார்த்தால், அதில் பாதி நாங்களேதான்! ஐந்து வீட்டிலும் மணிக்கொரு தரம் திறந்து அழகு பார்த்திருக்கிறோம். சொந்தக்காரர்களின் வருகையைக் கணக்கில் சேர்க்காமல் தள்ள அதிலேயே வழி இருக்கிறது. முதல் நாளே அதைச் செய்யுங்கள்.

இரண்டாவது தவறுக்குப் பணமும் போயிற்று. ஊர்ப் பட்டியலில் பெங்களூர் முதலில் நின்றது. உடனே குழுவின் பொதுப்பணத்திலிருந்து 2,000 ரூபாய் எடுத்து, பெங்களூர்க்காரர்களுக்கென்று விளம்பரம் கொடுத்தோம். 300 பேர் வந்து பார்த்தார்கள்; வாங்கியது ஒரே ஒருவர். பிறகு பார்சல் விலாசங்களை எடுத்து வைத்துப் பார்த்தால், முக்கால்வாசி ஓசூர்! செல்போன் இணைப்பு எந்த ஊர் வழியாகப் போகிறதோ, அந்த ஊர்ப் பெயர் விழுந்துவிடுவது உண்டு. எங்களைப் போல எல்லையோரம் இருப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள். ஊர்க்கணக்கு உத்தேசம், விலாசம்தான் நிஜம்.

இனி முக்கியமான விஷயம். வந்தவர் எத்தனை பேர் என்பதைவிட, எந்த இடத்தில் திரும்பினார் என்று பாருங்கள். எங்கள் கணக்கில் தொக்கைப் பார்த்தவர்கள் பலர். கூடையில் போட்டவர்கள் 60 பேர். பணம் கட்டியவர்கள் மூன்றே பேர்! கூடைக்கும் பணத்துக்கும் நடுவே ஏதோ முள் கிடக்கிறது என்று எண்கள் காட்டிவிட்டன. ஆனால் என்ன முள் என்று அவை சொல்லவில்லை.

அதை மனிதரிடம்தான் கேட்க வேண்டும். எங்களில் ஒருத்தியின் அக்கா ஓசூரிலிருந்து வந்திருந்தபோது, "அக்கா, எங்க முன்னாடியே ஒரு பாட்டில் வாங்கிக் காட்டு" என்றோம். அவர் மளமளவென்று போய்க் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார். "ஏண்டி, இருநூறு ரூபா தொக்குக்கு எண்பது ரூபா கூரியரா? நீ பஸ்ஸுல வர்றப்ப எடுத்துட்டு வா, போதும்" என்றாரே பார்க்கலாம்! கூரியர் செலவைக் கடைசியில் சொல்லியிருந்தோம். அதை முதல் பக்கத்திலேயே எழுதி, மூன்று பாட்டில் சேர்ந்த பார்சலும் வைத்தோம். அடுத்த மாதம் கூடையில் போட்ட 50 பேரில் 14 பேர் வாங்கினார்கள்.

இன்னொரு யுக்தி: கடையின் இணைப்பு முகவரிக்கு வால் ஒட்டுவது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்புக்கு ஒரு பெயர், விளம்பரத்துக்கு ஒரு பெயர், பாட்டிலில் ஒட்டும் கியூ.ஆர். கட்டத்துக்கு ஒரு பெயர். இதை யூ.டி.எம். என்பார்கள். எந்த வழியாக வந்தவர் வாங்கினார் என்று தெரிந்துவிடும். எங்களுக்குப் பாட்டில் வழியாக வந்தவர்கள் 28 பேர்தான். அதில் 9 பேர் வாங்கினார்கள். தின்று ருசி கண்டவர் திரும்பி வருகிறார்! விளம்பரத்தை நிறுத்தி, அந்தப் பணத்தில் நல்ல லேபிள் அடித்தோம்.

நம்மூர் ஜோஹோ கம்பெனியின் பேஜ்சென்ஸ் என்ற கருவி, பக்கத்தில் எந்த இடத்தில் விரல் அதிகம் படுகிறது என்று வண்ணப் படமாகவே காட்டுகிறது. எதுவானாலும் ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றுங்கள். இல்லாவிட்டால் எதனால் பலன் வந்தது என்று தெரியாது. நாலு நாள் கணக்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு சம்பளத் தேதியாவது வந்து போகட்டும்.

ஒரு எச்சரிக்கை. வருகிறவர் நம்மைப் போன்ற குடும்பஸ்தர்தான். அவர் பெயரையோ போன் நம்பரையோ இந்தக் கணக்கில் ஏற்றக்கூடாது; கூகுளே அதை அனுமதிப்பதில்லை. வருகையைக் கணக்கெடுக்கிறோம் என்பதைக் கடையிலேயே எழுதிவிடுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று 2023-ல் ஒன்று வந்திருக்கிறது. எதற்கு என்று சொல்லி, சம்மதம் பெற்று விவரம் வாங்குவதே முறை.

சந்தைக்காரி வாடிக்கையாளரின் கண்ணைப் பார்ப்பாள். பையைத் துழாவ மாட்டாள். நாமும் அப்படியே இருப்போம். என்ன, சரிதானே?